நாயின் பிடரியில் ஒரு விலாசம்

அப்பாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது நாயை. நாய்க்குப் பக்கத்தில் அப்பா இருந்தார், அவ்வளவுதான். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் தம்பிக்கு முகம் சுருங்கிவிடும். எப்படியோ ஆள் கிடைத்தாரே, பிறகு எதற்கு இப்படிக் குத்திக் குத்திப் பேசுகிறாய் என்பான். அந்த 'எப்படியோ'தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. ஒரு மனுஷன் ஆயுள் முழுக்க அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்திருக்கிறார். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரை எத்தனை பேர் அவரிடம் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அப்படிப்பட்டவர் வழிதவறி நின்றபோது, இவர் இன்னார் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நாய்க்கு இருந்தது.

எங்கள் வீடு கேரளத்தின் தெற்கு எல்லையோரம், கொல்லயில் என்ற ஊரில். நான் பாறசாலையில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். டைப் செய்து கொடுப்பது, லாமினேஷன், கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நோட்டீஸ் அடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி மனைவியோடு திருவனந்தபுரத்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறான். ஆகவே அப்பா என்னோடு. மறதி கூடக் கூட அவரை வீட்டில் தனியே விட முடியாமல் போயிற்று. காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வீணான காகிதங்களை மடியில் வைத்துவிட்டால் போதும், சின்னச் சின்னதாகக் கிழித்து, வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுப்பார். "எங்கோட்டு?" என்று, எந்த ஊருக்கு என்று மலையாளத்தில் கேட்பார். ஆதார் கார்டை நகலெடுக்க வந்தவர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நெய்யாற்றங்கரை ஒன்று என்று சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் எங்கள் சபையின் போதகர் ஞாயிறு ஆராதனைக்கான தாளை நகலெடுக்க வந்தார். அவரிடமும் எங்கோட்டு என்று கேட்டார் அப்பா. போதகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பரலோகத்துக்கு என்றார். அந்த ரூட்டில் நம்ம வண்டி கிடையாது, இறங்கி வேற பஸ் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார் அப்பா. அன்று முழுக்க எனக்குச் சிரிப்புத்தான். அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது.

நாய் தம்பியுடையது. ஆசைப்பட்டு வாங்கினான். பிளாட்டில் நாய் கூடாது என்று மற்ற வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கட்டினான். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதன் தலையைத் தடவிவிட்டுப் போவான், அதோடு அவன் கடமை தீர்ந்தது. ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயருக்கு அது காதைக்கூட அசைக்காது. அப்பா அதை 'எலே' என்றுதான் கூப்பிடுவார். எலே வா, எலே இரி, எலே சும்மா கெட. அதுதான் தன் பெயர் என்று நாயும் எடுத்துக்கொண்டது. சந்தையில் யாராவது யாரையாவது எலே என்று அழைத்தால் இது திரும்பிப் பார்க்கும். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், கோபத்தில் என்னைப் போல. எங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடிவந்து, கடையில் அப்பாவின் காலடியில் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் எங்கும் நாய்ப் பேச்சாக இருந்தது. தெருநாய் கடித்த செய்தி இல்லாத நாள் இல்லை. கையில் கம்பு இல்லாமல் பிள்ளைகள் டியூஷனுக்குப் போக மாட்டார்கள். வீட்டில் வளர்க்கிற நாய்க்கு ஊசி, லைசென்ஸ், மைக்ரோசிப் மூன்றும் கட்டாயம் என்று பஞ்சாயத்தில் அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் சிலர் செய்த வேலை இருக்கிறதே! நாயை ஆட்டோவில் ஏற்றி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களும் சும்மா இல்லை, தங்களுக்கு வேண்டாத நாயை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். பனச்சமூடு சந்தையில் இரண்டு மாநிலத்து நாய்களும் மீன் தலைக்கு அடித்துக்கொண்டு திரிந்தன. தம்பி அந்த மாதிரி ஒன்றும் செய்யவில்லை. லீவு போட்டு வந்து நாயை முகாமுக்குக் கொண்டுபோனான். அதற்கு அவனை மெச்சத்தான் வேண்டும்.

முகாம் பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. நாயின் தலையை அப்பாதான் பிடித்துக்கொண்டார், வேறு யாரையும் அது அண்டவிடவில்லை. கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி, தடித்த ஊசி ஒன்றை உள்ளே செலுத்தினாள். உள்ளே போனது ஒரு அரிசிமணி அளவுதான் என்றாள். பிறகு ஒரு சின்னக் கருவியைக் கழுத்துக்கு மேலே காட்டினாள். பீப் என்று ஒரு சத்தம், திரையில் நீளமாக ஒரு எண். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால் நாய் யாருடையது, எந்த வீடு, போன் நம்பர் என்ன, என்னென்ன ஊசி போட்டிருக்கிறது எல்லாம் வருமாம். உடமஸ்தன், அதாவது சொந்தக்காரர், என்ற இடத்தில் தம்பி தன் பெயரையும் தன் நம்பரையும் கொடுத்தான். சோறு வைக்கிறவள் நான், பெயர் மட்டும் அவனுக்கா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். நாய்க்காகப் போய்ச் சண்டை போடவா என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு அந்தக் கருவி ரொம்பப் பிடித்துவிட்டது. டிக்கெட் மெஷின் மாதிரி இருந்ததாலோ என்னவோ. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே காட்டினாள். பீப்.

"இனி இவன் காணாம போனாலும் இவன் ஆரு, எந்த வீடுன்னு தெரியும், இல்லியா?" என்று கேட்டார்.

தெரியும் அப்பச்சா என்றாள் அவள். "அப்போ நல்ல காரியமாக்கும்," என்றார் அப்பா. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நாயின் பிடரியைத் தடவிக்கொண்டே வந்தார்.

அவர் போனது ஒரு திங்கட்கிழமைக் காலையில். நான் கடைக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தேன். கேட் சாத்தித்தான் இருந்தது, கொண்டியும் போட்டிருந்தது. சட்டைப் பித்தானைப் போடத் தெரியாத மனுஷனுக்கு, அந்தக் கொண்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வந்திருக்கிறது. தலையில் சுற்றிய துண்டோடு முற்றத்துக்கு வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது, அப்பா இல்லை, நாயும் இல்லை.

முதலில் வயலில் பார்த்தோம், பிறகு குளத்தில். குளத்தில் ஆட்கள் இறங்கியபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வழியாக பைக்கில் போனார்கள். தம்பி காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாய் அப்பாவை விட்டுப் போகாது, நாய்க்கோ சிப் இருக்கிறது. உன் போனில் அந்தச் சிப் இப்போது எங்கே இருக்கிறது என்று பார் என்றேன்.

"அக்கா, அது அப்படி ஒண்ணும் காட்டாது. ஆராவது மெஷினைக் கொண்டுபோயி அதுக்க கழுத்துல வச்சாத்தான் நம்பரே வரும்," என்றான்.

"பின்ன என்ன எழவுக்குடே அதைக் குத்தி வச்சிருக்கு?" என்று கத்தினேன். அவனும் அழுகிற நிலையில்தான் இருந்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பிறகு கடையைத் திறந்து, ஒட்டுவதற்கும் போனில் அனுப்புவதற்கும் நானே மலையாளத்தில் நோட்டீஸ் அடித்தேன். எத்தனை பேருக்குக் காணவில்லை நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன், கை தானாகவே ஓடும். பெயர், வயசு, உயரம், கடைசியாக உடுத்திருந்தது, பேசும் மொழி. அந்த இடத்தில் மலையாளம் என்று அடித்தேன். கேரளத்து ஸ்டேஷன், கேரளத்து அரசு பஸ்ஸில் வேலை பார்த்த ஆள், வேறென்ன அடிக்க. பக்கத்தில் நின்று திருத்திய தம்பிக்கும் அது தப்பாகப் படவில்லை. படத்துக்கு, அப்பா காக்கிச் சட்டையோடு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற பழைய போட்டோவைத்தான் போட்டோம், அதில்தான் முகம் தெளிவாக இருந்தது. இப்போது மீசையும் இல்லை, அந்த உடம்பும் இல்லை. ஆள் காணாமல் போன வீட்டில் இதையெல்லாம் யோசிக்க யாருக்குப் புத்தி வேலை செய்யும்.

கண்டக்டர் இல்லையா, பழைய பழக்கத்தில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் பக்கம்தான் போயிருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். நாயோடு எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெய்யாற்றங்கரை ஸ்டாண்ட், பாலராமபுரம், தம்பானூர் என்று தேடினோம். நாங்கள் எல்லையை எல்லையாக நினைக்கிறவர்களே அல்ல. மீனுக்கு அந்தப் பக்கம் போவோம், துணிக்கு அந்தப் பக்கம் போவோம், பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பக்கம். ஆனால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அந்த நேரத்திலிருந்து எங்கள் எல்லாருடைய மண்டையிலும் ஒரு கோடு விழுந்துவிட்டது. வடக்கே அவ்வளவு தூரம் ஓடினோம், கிழக்கே பனச்சமூட்டைத் தாண்டி ஒரு ஆளும் போகவில்லை. அன்று ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. மழை பெய்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் நானும் தம்பியும் நெய்யாற்றங்கரையில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. முகாமில் நாய்க்கு ஊசி போட்ட அந்த டாக்டர். தம்பி ஸ்பீக்கரில் போட்டான். அவள் கொஞ்சம் கண்டிப்பான குரலில்தான் ஆரம்பித்தாள். உங்கள் நாய் தமிழ்நாட்டில் அருமனைப் பக்கம் ஒரு ஆளைக் கடித்துவிட்டது, அங்கே ஒரு கால்நடை டாக்டர் சிப்பைப் படித்து எண்ணை எனக்கு அனுப்பியிருக்கிறார், ஊசி போட்ட நாய்தான் என்று சொல்லிவிட்டேன், ஆனாலும் உடமஸ்தன் நீங்கள்தான், உடனே போக வேண்டும் என்றாள். நான் போனைப் பிடுங்கி, நாயோடு யாராவது உண்டா என்று கேட்டேன்.

"ஒரு வயசாளி கூட உண்டுன்னு சொன்னாங்க," என்றாள். "ஆருன்னு தெரியல்லியாம்."

ஆருன்னு தெரியல்லியாம். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டு நடக்கிறேன். அந்த நேரத்தில் சந்தோஷத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், அதுவும் உண்மைதான்.

நடந்தது இதுதான் என்று பிறகு எங்களுக்குச் சொன்னவர், நாய் கடித்த ஆட்டோக்காரர். அப்பா கால்போன போக்கில் நடந்து மத்தியானத்துக்குள் பனச்சமூடு வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, முன்னால் இடம் உண்டு, உள்ளே ஏறிப் போங்கள் என்று ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாராம். கேரளப் பக்கத்து டீக்கடையில் மலையாளத்தில் வீடு எங்கே என்று கேட்டதற்கு மலையாளத்தில் ஏதோ வேடிக்கையாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஆட்டோக்காரர் தமிழில் கேட்டிருக்கிறார். தமிழில் கேட்டதும் அப்பா தமிழுக்கு மாறிவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான், எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில்தான் வாய் திறக்கும். தமிழில் கேட்டால் அப்பாவுக்கு ஞாபகம் வருகிற வீடு எது? அவருடைய அம்மாவின் வீடு. அருமனைக்கு அந்தப் பக்கம், அவர் பிறந்த ஊர். அந்த ஊரைத் தெளிவாக, வழியோடு சொல்லியிருக்கிறார். ஆட்டோக்காரரும் நல்ல மனசோடு, காசு வாங்காமல், நாயையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே விட்டிருக்கிறார்.

அந்த வீடு எப்போதோ கைமாறிப் போய்விட்டது. அங்கே இப்போது இருப்பவர்களுக்கு இவரைத் தெரியாது. மழையும் வந்துவிட்டதால் அன்று ராத்திரி அந்த ஊர்ச் சர்ச்சின் ஹாலில் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் இவர் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆள்தான் என்றே நினைத்தார்கள். விடிந்ததும் சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் சொல்லி விசாரித்தார்கள், எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே. ஒரு பதிலும் இல்லாததால், ஆதரவற்றவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் சேர்க்கலாம் என்று முடிவு செய்து, முந்தின நாள் கொண்டுவந்துவிட்ட ஆட்டோக்காரரையே கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார். அப்பா வரமாட்டேன் என்று கையை உதறினார். அப்போதுதான் நாய் பாய்ந்து அவர் முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது.

உடனே கம்பும் கல்லுமாக ஆட்கள் கூடிவிட்டார்கள். பேய்நாய், வெறி பிடித்த நாய், அடித்துக் கொல்லு என்று ஒரே கூச்சல். அப்பா நாயின் மேலே குப்புற விழுந்து கிடந்தாராம், ஒருவரையும் பக்கத்தில் விடவில்லையாம். அடிக்க வேண்டாம், இது பேய்நாய்தானா என்று தெரிந்தால்தான் எனக்கும் நல்லது என்று தடுத்தவர் அந்த ஆட்டோக்காரரே. கால்நடை டாக்டரை அவர்தான் போன் போட்டு வரவழைத்தார். பீப் என்று சத்தம் வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் போனபோது அந்த ஆட்டோக்காரர் ஊசி போட்டுக்கொண்டு, கையில் கட்டோடு அந்தச் சர்ச் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். நான் அவர் காலில் விழாத குறை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா," என்றார். "ஒங்க நோட்டீஸ் நேத்து எனக்க போன்லயும் வந்துது. மலையாள எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கேட்டதுல மலையாளம் பேசுற ஆளுன்னு சொன்னாங்க, படத்துல பெரிய மீசை. இவரு சுத்தத் தமிழுல்லா பேசுறாரு, வேற ஆளுன்னு விட்டுட்டேன். நாய் கடிச்சது நல்லதாப் போச்சு. கடிக்கலேன்னா நான் இவரைக் கொண்டுபோயி அங்க விட்டிருப்பேன். பின்ன நீங்க எங்கபோயித் தேடுவீங்க?"

அப்பா ஹாலில் ஒரு பெஞ்சில், முகமெல்லாம் மண்ணாக, நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் பெயரைச் சொன்னார். கேள்வியாக இல்லை, சாதாரணமாக, தினமும் கூப்பிடுகிற மாதிரி. "இவ்வளவு நேரம் எங்க மக்கா போயிருந்த?" என்று என்னைத்தான் திட்டினார். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு தம்பியோடு அத்தனை சண்டையும் போட்டேன்.

சண்டை திரும்பி வருகிற காரிலேயே ஆரம்பித்துவிட்டது. நாய்க்கு இருக்கிற ஒரு ஏற்பாடு அப்பாவுக்கு இல்லையே, அவருக்கும் ஒரு சிப் போட்டுவிட்டால் நிம்மதி என்று அவன் சொன்னான். வேடிக்கைக்குச் சொன்னானா, களைப்பில் சொன்னானா தெரியாது. வண்டியை நிறுத்து, நான் அப்பாவோடு நடந்தே போய்க்கொள்கிறேன் என்று கத்தினேன். பின்சீட்டில் அப்பா, ஸ்டாப் வரட்டும், நடுவழியில் நிறுத்த முடியாது என்றார்.

அதன் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தோம். பெயரும் நம்பரும் பொறித்த ஒரு வளையத்தைக் கையில் மாட்டினேன், பல்லால் கடித்து இழுத்துப் போட்டுவிட்டார். சட்டையின் உட்புறம் நம்பரைத் தைத்தேன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார். இருக்கிற இடத்தைப் போனில் காட்டுகிற வாட்ச் ஒன்றைத் தம்பி வாங்கி வந்தான், அதை அவிழ்த்துத் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற தொட்டியில் போட்டார். கடைசியில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். நாய் கம்பிக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போய்விட்டு வரும். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது சாவியைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருக்கும், போட மாட்டேன்.

தம்பி நெய்யாற்றங்கரைப் பக்கம் ஒரு இல்லம் பார்த்துவிட்டு வந்தான். மறதிக்காரர்களுக்கென்றே உள்ளது, நர்ஸ் உண்டு, சுற்றி நடக்க முற்றம் உண்டு, நீயும் மனுஷிதானே, எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டான். அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. தப்பில்லை என்பதால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கு அருமனையில் யாரென்று தெரியாத ஆளாக ஒரு இல்லத்துக்குப் போக இருந்தவரை, நாம் பெயர் விலாசத்தோடு கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதானே வித்தியாசம் என்றேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, நானே ஒரு வார்த்தையை விட்டேன்.

"எனக்க பேரு அப்பாக்கு ஓர்மை இருக்கிற வரை அவரை எங்கயும் விடமாட்டேன். அது போச்சுன்னா நீ சொன்னபடி செய்யி, நான் வாய் திறக்கமாட்டேன்."

தம்பி சரி என்றான். அவன் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் காப்பி கொடுக்கும்போது, நான் ஆரு அப்பா என்று கேட்பேன். பெயரைச் சொல்லுவார். சில நாள் உடனே, சில நாள் காப்பி ஆறிய பிறகு. ஒரு நாள் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அவராகவே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். கேட்கப் பயமாக இருக்கிற நாட்களில் கேட்காமலேயே விட்டுவிடுவேன். கேட்காவிட்டால் தோற்க மாட்டோம் என்று ஒரு கணக்கு. மாதங்கள் அப்படியே ஓடின.

நாய்க்கு மறு ஊசி போடுகிற காலம் வந்தது. தம்பி காரோடு வந்தான். அப்பாவைத் தனியே விட முடியாது என்பதால் நாங்கள் எல்லாருமாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாய் முன்சீட்டில், நானும் அப்பாவும் பின்னால். அன்று காலை நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முந்தின நாளும் கேட்கவில்லை.

அதே டாக்டர் பெண். எங்களை அவளுக்கு நன்றாகத் தெரியும் இப்போது. அப்பச்சனுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள், அவர் கொடுத்த டிக்கெட்டை வாங்கி மேஜைமேல் பத்திரமாக வைத்தாள். தம்பி நாயைப் பிடித்துக்கொண்டான். ஊசி போடுவதற்கு முன்னால் அது அதே நாய்தானா என்று பார்க்க வேண்டுமாம், அந்தக் கருவியை எடுத்து நாயின் பிடரிக்கு மேல் காட்டினாள். பீப் என்றது.

அப்பா சத்தம் கேட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்து வந்து, மேஜைக்கு முன்னால், நாய்க்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்குச் சட்டைப் பித்தான் அவர் கைக்கு எளிதாக வந்தது. காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, முகாமில் நாயின் தலையை எப்படி அழுத்திப் பிடித்தாரோ அப்படித் தன் தலையைத் தானே குனிந்து கொடுத்தார்.

"எனக்கும் ஒண்ணு பாரு மக்கா," என்றார் டாக்டரிடம். "நான் ஆருன்னு காணட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். தம்பி வேண்டாம் என்கிற மாதிரி கையை அசைத்தான், பிறகு அந்தக் கையைக் கீழே போட்டுக்கொண்டான். டாக்டர் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் அப்பாவின் பிடரிக்கு மேல் கருவியைக் கொண்டுபோய், நாய்க்குக் காட்டியது போலவே ஒழுங்காகக் காட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. அப்பா குனிந்தபடியே காத்திருந்தார். பிடரியில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, நான் குளிப்பாட்டும்போது தேய்க்கிற இடம்தான்.

"ஒண்ணும் கேக்கல்லியே," என்றார்.

நான் போய் அந்த இடத்தில் கையை வைத்தேன்.

"உண்டு அப்பா. காணுது."

"என்ன காணுது?"

"ஒரு பேரு காணுது," என்றேன். "அந்த ஆளுக்க வீடாக்கும் அப்பாக்க வீடு." என் பெயரைச் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் சொன்னேன்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.

"அது ஆரு மக்கா?" என்று என்னிடம் கேட்டார்.